வைரஸ் நாளடைவில் சாதுவாகிவிடுமா?

வணக்கம் சார்,

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பரிணாமப் பாடத்தின்போது, "தான் தங்கியிருக்கும் உயிரைக் கொன்றால் வைரஸும் சேர்ந்து அழியும், அதனால் எல்லா வைரஸும் நாளடைவில் வீரியத்தைக் குறைத்துக்கொள்ளும்" என்றேன். ஒரு மாணவி, "அப்போ ரேபிஸ் ஏன் இன்னும் கொல்லுது மேடம்?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள், என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள்.

வைரஸ் எதையும் குறைத்துக்கொள்வதில்லை. அதற்கு யோசனையும் இல்லை, நாளையைப் பற்றிய கவலையும் இல்லை. நகலெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. அப்படிப் பிறந்த வகைகளில் எது அதிகப் புதிய உடல்களுக்குத் தாவுகிறதோ அது பெருகுகிறது, அவ்வளவுதான். ரேபிஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்து உமிழ்நீருக்கு வந்து, வெறிபிடித்த நாய் கடிக்கும்போதே அடுத்த உடலுக்குப் போய்விடுகிறது. அதன்பின் நாய் செத்தால் வைரஸுக்குப் பெரிய நஷ்டமில்லை. மனிதரிடமிருந்து அது பரவுவதே மிக அரிது, எனவே நாம் சாவதும் பிழைப்பதும் அதன் பரிணாமத்தில் ஒரு கணக்கே இல்லை.

ஆனால் நீங்கள் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் விட்ட ஐரோப்பிய முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலத்தையெல்லாம் மொட்டையடிக்க, 1950இல் மிக்ஸோமா என்ற வைரஸை அவற்றிடையே பரப்பினார்கள். தென் அமெரிக்க முயலுக்கு இந்த வைரஸ் தோலில் ஒரு சின்னக் கட்டி, ஐரோப்பிய முயலுக்கோ மரணம். முதலில் தொற்றியவற்றில் 99 சதவீதத்துக்கும் மேல் செத்தன. சில ஆண்டுகளிலேயே கொஞ்சம் வீரியம் குறைந்த வகைகள் முன்னுக்கு வந்ததை ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னர் கண்டறிந்தார். காரணம் கொசு. முயலின் தோல் புண்ணிலிருந்துதான் கொசு வைரஸை எடுத்துப் போகிறது; முயல் சட்டென்று செத்தால் கொசுவுக்கு நேரமில்லை, நோய் ரொம்ப லேசாக இருந்தால் புண்ணில் போதிய வைரஸில்லை. அதனால் வென்றது நடுத்தர வகை, அதுவும் முயல்களில் 70 சதவீதத்துக்கு மேல் கொல்லக்கூடியது. இதைச் சாது என்று எப்படிச் சொல்வது?

இதே நேரத்தில் முயலும் மாறிக்கொண்டிருந்தது, பலரும் விட்டுவிடும் பகுதி இதுதான். பிழைத்த முயல்களின் மரபணுக்கள்தான் குட்டிகளுக்குப் போயின. நியூ சவுத் வேல்ஸில் யுரானா ஏரிப் பகுதியில் ஒவ்வொரு கொள்ளைநோய்க்குப் பிறகும் இளம் முயல்களைப் பிடித்து, எப்போதும் ஒரே வைரஸ் வகையைச் செலுத்திப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சுமார் 90 சதவீதம் செத்தன. ஏழு கொள்ளைநோய்களுக்குப் பிறகு சுமார் 25. முயல் தாங்கத் தொடங்கியதும் வைரஸ் மறுபடி கடுமையாகியது: 1990களில் கிடைத்த சில வகைகளை எதிர்ப்பில்லாத ஆய்வக முயல்களுக்குக் கொடுத்தபோது அவற்றின் நோயெதிர்ப்பே குலைந்துபோனது.

அடுத்த வகுப்பில் அந்த 90ஐயும் 25ஐயும் பலகையில் எழுதுங்கள். மாறியது வைரஸா முயலா, எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். செலுத்திய வைரஸ் எப்போதும் ஒன்றுதான் என்பதை மட்டும், அவர்களாகக் கேட்கும்வரை, சொல்லாதீர்கள்.