கொல்ல நினைக்காமல் ஒருவர் இறந்துபோனால் அது கொலையா?

கேள்வி: கொல்லும் எண்ணமே இல்லாமல் ஒருவர் கையால் இன்னொருவர் இறந்தால் சட்டப்படி அது கொலையா? இங்கிலாந்தில் 'மேன்ஸ்லாட்டர்' என்கிறார்களே, அது நம் ஊரில் எந்தப் பிரிவு?

பதில்:

தக்கலையில் ஒரு வக்கீலிடம் 26 வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். இதே கேள்வியை என்னிடம் கேட்ட ஒருவரை வைத்தே தொடங்குகிறேன்.

வேளிமலை அடிவாரத்தில் கொஞ்சம் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) வைத்திருந்தவர். மழையில் கையாலை சரிந்துவிட்டது. (எங்கள் பக்கம் இரண்டு விளைகளுக்கு, அதாவது தோட்ட நிலங்களுக்கு, நடுவே எல்லையாக எழுப்பும் மண்சுவர்தான் கையாலை.) திரும்பக் கட்டும்போது ஒரு முழம் தள்ளிக் கட்டுகிறாய் என்று பெரியப்பா மகன் சத்தம் போட்டிருக்கிறார். பேச்சு முற்றியதில், இவர் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிக் கணையால் (மரப்பிடியால்) ஓர் அடி அடித்துவிட்டார். காதுக்கு மேலே பட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இவர்தான். மூன்றாம் நாள் அண்ணன் இறந்துவிட்டார். போலீஸ் 302 போட்டது, அதாவது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு.

கோர்ட் வராண்டாவில் காவலுக்கு வந்த போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்: "சாரே, நாந்தானே அவரத் தூக்கிட்டு ஓடுனேன்? கொல்லணும்னு நெனச்சவன் தூக்கிட்டு ஓடுவானா?"

நியாயமான கேள்வி. வாதத்தில் எங்கள் வக்கீலும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆளின் மனதுக்குள் என்ன இருந்தது என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால் கோர்ட் வெளியே தெரிந்ததை எடுத்துப் பார்க்கும். எந்த ஆயுதம், வெட்டும் பக்கமா பிடியா, உடம்பில் எந்த இடம், எத்தனை அடி, பழைய பகை உண்டா, அடித்த பிறகு என்ன செய்தார். இந்த வழக்கில் திடீர்ச் சண்டை, ஒரே அடி, இரும்பு அல்ல கணை. கொலைக்கான பிரிவிலேயே சில விதிவிலக்குகள் உண்டு. முன்திட்டம் இல்லாமல் திடீர்ச் சண்டையில் ஆவேசப்பட்டுச் செய்தது, கொடூரமாகவும் நடந்துகொள்ளவில்லை என்றால் அது கொலை ஆகாது என்பது அதில் ஒன்று. தீர்ப்பு 304-ன் இரண்டாம் பகுதியில் வந்தது. அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். கொல்லும் எண்ணம் இல்லை, ஆனால் தலையில் ஓங்கி அடித்தால் சாவு வரக்கூடும் என்ற அறிவு இருந்தது. சிறைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

இந்த எண்ணம், அறிவு என்ற இரண்டு சொல்லையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. "கொல்ல நினைக்கல" என்று சொன்னாலே கொலைக் குற்றச்சாட்டு விழுந்துவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். அது தவறு. பஞ்சாபில் ஒருவர் ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்துக் குத்திய வழக்கில், 1958-ல் உச்ச நீதிமன்றம் கொலை என்றே சொன்னது. அந்தக் காயத்தை ஏற்படுத்தவேண்டும் என்று எண்ணினாரா என்பதுதான் பார்க்கவேண்டியது. அந்தக் காயம் இயல்பாகவே உயிரைப் போக்கக்கூடியதா என்பதை மருத்துவச் சாட்சியம் சொல்லும் என்றது. எங்கள் கட்சிக்காரர் மண்வெட்டியைத் திருப்பாமல் கழுத்தில் இறக்கியிருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இங்கிலாந்து விஷயம். அங்கே கொலைக்கு நம்மைப் போல எழுதி வைத்த விளக்கம் கிடையாது. நீதிபதிகளின் தீர்ப்புகளிலிருந்தே வளர்ந்த சட்டம், அதைத்தான் காமன் லா என்கிறோம். கொல்லவோ கொடுங்காயம் செய்யவோ எண்ணியிருந்தால் கொலை, ஆயுள் தண்டனை கட்டாயம். அந்த எண்ணம் இல்லாமல் செய்த சட்டவிரோதச் செயலால் சாவு வந்தாலும், எண்ணம் இருந்தும் தன்னிலை இழந்ததைப் போன்ற காரணம் இருந்தாலும் மேன்ஸ்லாட்டர். அப்போது தண்டனை நீதிபதி கையில். மிக மோசமான கவனக்குறைவும் இதற்குள் வரும். ஆபரேஷன் நடுவே மூச்சுக்குழாய் கழன்றதைப் பல நிமிடம் கவனிக்காத மயக்க மருந்து டாக்டருக்கு 1994-ல் அங்கே இந்தக் குற்றத்தை உறுதி செய்தார்கள். நம் ஊரில் அந்த ரகம் 304-க்குள் வராது, 304ஏ என்ற தனிப் பிரிவு. ஆக, மேன்ஸ்லாட்டருக்கு நேராக ஒரே பிரிவைக் காட்ட முடியாது. இங்கே அது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை 103, கொலையாகாத மரணத்துக்கு 105, கவனக்குறைவுக்கு 106 என்று படியுங்கள். கவனக்குறைவுக்கு முன்பு 2 ஆண்டு வரைதான், இப்போது 5 ஆண்டு வரை. டாக்டர்களுக்கு மட்டும் 2 ஆண்டு.

எண்ணத்துக்குச் சட்டம் எவ்வளவு தூரம் மதிப்புக் கொடுக்கும் என்று பார்க்க, 1919-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்த்த பழனி கவுண்டன் வழக்கைச் சொல்லவேண்டும். மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடித்திருக்கிறார். அவர் மயங்கி விழ, செத்துவிட்டார் என்று நினைத்து, தற்கொலை போலக் காட்ட உத்தரத்தில் தொங்கவிட்டார். உயிர் போனது அடியால் அல்ல, தூக்கால். அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை, தொங்கவிட்டபோது பிணம் என்று நம்பினார், ஆகவே கொலையும் இல்லை, கொலையாகாத மரணமும் இல்லை என்றார்கள். கொடுங்காயத்துக்குத்தான் தண்டனை. முதன்முதலில் படித்தபோது இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் உயிரோடுதானே இருந்தார். தர்க்கம் எனக்குப் புரிகிறது, மனம் இன்றும் ஒப்பவில்லை. 1943-ல் அதே நீதிமன்றத்தில், முதலிலேயே கொல்லும் எண்ணத்தோடு தாக்கி, இறந்ததாக நினைத்துக் கிணற்றில் போட்ட வழக்கில் கொலை என்றே தீர்ப்பு வந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை விட எனக்கு மனசில்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விளைகளில் காட்டுப்பன்றி இறங்குகிறது. மரச்சீனியை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிடும், அந்த வேதனை எனக்குத் தெரியும். அதற்காக வீட்டு லைனிலிருந்து கம்பி இழுத்து விடுகிறார்கள். "பன்னிக்குத்தானே போட்டேன்" என்பது பதில் ஆகாது. ரப்பர் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பீகாரில் தன் கழிப்பறைக்கு வெளியாட்கள் வராமலிருக்க ஒருவர் மின்கம்பி வைத்து, அதில் ஒரு பெண் இறந்தார். என் சொத்தைக் காக்கத்தான் வைத்தேன் என்ற வாதத்தை 1964-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, 304ஏ-யில் தண்டனை நின்றது. ஆள் நடமாட்டம் தெரிந்தே வைத்தீர்கள் என்றால் போலீஸ் அதைவிடப் பெரிய பிரிவுக்குப் போகவும் வழி இருக்கிறது. தயவுசெய்து அந்தக் கம்பியை இன்றைக்கே கழற்றுங்கள்.

கையாலை வழக்குக்காரர் விடுதலையாகி வந்த பிறகு ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம், கொலைகாரன் வீடு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தீர்ப்பின் நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கொலை அல்ல என்று எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த வரியைக் காட்டினேன். அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்துக்கொண்டு போனார்.