3 அடி உப்புநீர்த் தொட்டியில் கூட்டமாக நீந்தும் சின்ன மீன் எதை வைக்கலாம்?

வீட்டில் 3 அடித் தொட்டி, கடல்நீர், சேர்ந்து நீந்துகிற சின்ன மீன் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் இந்நேரம் கிரீன் குரோமிஸ் ஆறு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். எல்லாக் கடையிலும் அதைத்தான் சொல்வார்கள். மற்ற கடல் மீன்களைவிட விலை குறைவு, பார்க்கவும் பச்சையாக மின்னும். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

நாங்கள் இருப்பது பாறசாலையில், களியக்காவிளை தாண்டியதும். மனைவியின் தம்பி மார்த்தாண்டத்தில். அவன் தொட்டியும் உங்களுடையதைப் போல 3 அடிதான். "அத்தான், கூட்டமாப் போனாத்தான் கடல் மாதிரி இருக்கும்" என்று குரோமிஸ் வாங்கினான். வேண்டாம், ஒன்றையொன்று தீர்த்துவிடும் என்று அன்றைக்கே சொன்னேன். முதலில் அழகாகத்தான் சுற்றின. அப்புறம் ஒன்று செதில் உதிர்ந்து, துடுப்பு கிழிந்து, பம்புக்குப் பின்னால் ஒளிந்தது. கடைக்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். சோதித்தால் அம்மோனியா இல்லை, உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, எல்லாம் சரி. அது செத்ததும் அடுத்த நோஞ்சானுக்கு அடி. கடைசியில் மிஞ்சியது கொழுத்த ஒரே ஒரு மீன். இன்றுவரை வீட்டு விசேஷங்களில் "அத்தான் கண்ணு வெச்சிட்டாரு" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறான். இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

நான் கண் வைத்ததெல்லாம் இல்லை. கடலில் அவை கூட்டமாக இருப்பது பெரிய மீன்களுக்குப் பயந்து. விரட்டினால் ஒதுங்கிக்கொள்ளக் கிளைப் பவளமும் ஏராளம். கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பயமும் இல்லை, ஓடி ஒளிய இடமும் இல்லை. யார் பெரியவன் என்ற சண்டை மட்டும் மிஞ்சுகிறது.

வருஷக்கணக்காகக் குரோமிஸ் கூட்டம் வைத்திருக்கிறேன் என்று யாராவது கீழே வருவீர்கள், தெரியும். உங்கள் தொட்டி 6 அடியோ 8 அடியோ இருக்கும். கேள்வி கேட்டவருடையது அப்படி இல்லை.

என் சிபாரிசு பைஜாமா கார்டினல். சிவந்த கண், நடுவில் கறுப்புப் பட்டை, பின்பாதியில் புள்ளி. வளர்ந்தால் 8 செ.மீ. அளவுக்கு வரும். உங்கள் தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். ஐந்து தாராளமாக வைக்கலாம். ஆனால் இவை அணிவகுத்து ஓடாது. இரவில் இரை தேடும் மீன் என்பதால், பகலில் பந்திக்குக் காத்திருக்கும் பெருசுகள் மாதிரி ஒரே இடத்தில் கும்பலாக நிற்கும். அது போதாது, ஓட்டம்தான் வேண்டும் என்றால் இந்த அளவுத் தொட்டியில் கிடைக்காது. ஆந்தியாஸ் என்ற கூட்ட மீன்மேல் ஆசை வரும். அதற்கு ஒரு நாளில் பலமுறை தீனி போட வேண்டும், வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது. பாங்காய் கார்டினலும் கூட்டமாக வேண்டாம். அவற்றில் இரண்டு மீன் ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை விரட்டும்.

மீன் கொண்டுவருவதும் ஒரு பாடு. திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டியோடு வந்தபோது ஒரு நடத்துனர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். மடியில்தானே வைத்திருக்கிறேன் சேட்டா என்றேன். மீன் நாறும் என்றார். உயிரோடு இருக்கும் மீன் எங்கேயாவது நாறுமா? அதே பஸ்ஸில் பலாப்பழச் சாக்கு நடைபாதையை அடைத்துக்கொண்டு வந்தது, அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. காசு பெரிதில்லை, நியாயம் வேண்டாமா?

சரி, தண்ணீர். தேங்காப்பட்டணத்தில் மொண்டுகொள்ளலாம் என்று நினைத்தால், இடவப்பாதி மழைக்காலத்தில் வேண்டாம். குழித்துறை ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது, உப்பு இறங்கிவிடும். கடல் உப்பு வாங்கி லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கலக்குவது நிம்மதி. புதுத் தொட்டி என்றால் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை எந்த மீனும் வேண்டாம். ஐந்தையும் ஒரே நாளில், ஒரே அளவில் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். முதல் சில நாள் உறைய வைத்த ஆர்ட்டீமியாவை (பொடி உப்புநீர் இறால்) மாலையில் போடுங்கள். பகலில் சாப்பிடவில்லை என்று கடைக்காரருக்குப் போன் போட்டால் அவர் மருந்து விற்கத்தான் பார்ப்பார்.