உறுப்பு மாற்றத்துக்குப் பின் பூஞ்சைத் தொற்றும் இதயமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதமாகிறது. நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருப்பதாகச் சொல்லி வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கிய மருத்துவர், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாதா?

பதில்: குறைந்திருப்பது நீங்கள் விழுங்கும் அளவுதான். டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை வோரிகோனசோல் முடக்கிவிடுவதால், பழைய அளவையே தொடர்ந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கி, கை நடுக்கத்தையும் பொட்டாசிய மிகுதியையும் உண்டாக்குவதோடு, காப்பாற்ற வந்த சிறுநீரகத்தையே கெடுக்கும். மூன்றில் ஒரு பங்கு என்பது தொடக்கக் கணக்கு. பிறகு இரத்தத்திலுள்ள அளவை அடிக்கடி பார்த்தே திருத்துவார்கள். என்னைக் கேட்டால், கூடுதலாக அஞ்ச வேண்டியது பூஞ்சை மருந்தை நிறுத்தும் வாரத்துக்குத்தான். தொற்று தீர்ந்த நிம்மதியில் அனைவரும் இருக்கும்போது, முடங்கிய நொதி மீண்டும் விழித்துக்கொள்ள, டாக்ரோலிமஸ் சரிந்து, நீங்கள் அஞ்சும் நிராகரிப்பு அப்போது வரக்கூடும். ஆகவே வோரிகோனசோலை நிறுத்தும் தேதியை மாற்று சிகிச்சைக் குழுவிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி: எனக்கு இதய நோய் கிடையாது. பூஞ்சை மருந்துக்கு எதற்காக ஈ.சி.ஜி.?

பதில்: ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் ஆகிய பூஞ்சை மருந்துகள் நீட்டக்கூடும். மற்றொரு பூஞ்சை மருந்தான ஆம்போடெரிசின் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரில் இழக்கச் செய்கிறது. டாக்ரோலிமஸும் மக்னீசியத்தைக் குறைக்கிறது. இவை ஒன்றுசேர்ந்தால் உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். திடீர் மயக்கமோ கடும் படபடப்போ வந்தால் மறுநாள்வரை காத்திராதீர்கள். இட்ராகோனசோல் இதயத்தின் இறைக்கும் ஆற்றலையே குறைக்கக்கூடியது என்பதால், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உயிர்காக்க வேறு வழியில்லாதபோதன்றி அதைத் தருவதில்லை. ஐசவுகோனசோல் மட்டும் விதிவிலக்கு; அது இதயத்தசை பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தைச் சுருக்குகிறது.

கேள்வி: கல்லீரல் மாற்றிக்கொண்ட என் தந்தைக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். இரத்தத்திலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இதய வால்வில் பூஞ்சை இருக்க முடியுமா?

பதில்: அரிது, ஆனால் முடியும். கேண்டிடா என்ற பூஞ்சை கல்ச்சரில் பெரும்பாலும் வளரும். ஆஸ்பர்ஜில்லஸோ வால்வைத் தின்றுகொண்டிருக்கும்போதும் இரத்தத்தில் அகப்படாமல் போவதுதான் வழக்கம். வால்வில் படியும் பூஞ்சைத் திரள் பெரிதாக வளர்ந்து, பிய்ந்துபோய்க் காலின் பெரிய தமனியையோ மூளைக்குச் செல்லும் தமனியையோ அடைக்கலாம். உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ, மார்பின் மேலிருந்து எடுப்பதைவிடத் தெளிவாகக் காட்டும். நோய் உறுதியானால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. வால்வு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். அதன் பிறகும் மருந்து நீண்ட காலம் தொடரும்.

கேள்வி: மாடியில் புறாக்கள் தங்குகின்றன. நானே சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கக்கூடும். வேறொருவர் நீர் தெளித்து, தூசி பறக்காமல் அகற்றட்டும். அந்நேரம் நீங்கள் மாடிப்பக்கம் போகாதீர்கள்.