அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கல்விச் சட்டங்களை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

2011ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த ஒரு காலையில், செங்கல் சூளை வேலைக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய், பத்து வயது மகளோடு எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளி வாசலில் வந்து நின்றார். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டியது குடும்ப அட்டை ஒன்றுதான். "டி.சி. வாங்கிக்கொண்டு வாருங்கள் அம்மா, உடனே சேர்த்துக்கொள்கிறோம்" என்று நானேதான் சொல்லி அனுப்பினேன். அந்தப் பிள்ளை திரும்பி வரவேயில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 1 அன்றே கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமாகிறது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது அதன் 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லாததும் காரணமாகாது என்கிறது 14ஆம் பிரிவு. பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில் இவற்றைப் படித்தபோது அந்த மஞ்சள் பைதான் என் கண்முன் வந்தது. அந்தத் தாய்க்குச் சட்டம் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான். வழக்கத்தையே விதி என்று நம்பி ஒரு குழந்தையின் உரிமையை மறுத்துவிட்டேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் இந்த அறியாமை இன்னும் கொடியது. ஒரு மாணவி தனக்கு நேர்ந்ததை ஆசிரியையிடம் சொன்னால், "முதலில் நாம் விசாரிப்போம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவோம், பள்ளியின் பெயர் கெடக் கூடாது" என்றுதான் பல இடங்களில் பேச்சு தொடங்குகிறது. உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது நம் வேலை அன்று. குற்றம் நடந்திருப்பது தெரியவந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் 21ஆம் பிரிவில் இடமுண்டு. தண்டனைக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. நாம் பேசிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தை அதே ஆபத்தின் அருகிலேயே இருக்கிறாள் என்பதால் சொல்கிறேன்.

சட்டம் நமக்கும் துணை நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கற்பித்தல் சாராத பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. வேறு பணி தரப்படும்போது, அந்தப் பிரிவை எண்ணோடு குறிப்பிட்டு மறுத்து எழுதும் கடிதத்திற்குத் தனி மதிப்பு உண்டு.

இப்போதெல்லாம் ஆண்டின் நடுவில் எந்தப் பிள்ளை வந்தாலும், முதலில் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி வகுப்பில் உட்கார வைக்கிறோம். அதன் பிறகுதான் பழைய பள்ளிக்கு டி.சி. கேட்டுக் கடிதம் போகிறது.