லடாக் வானம் ஏன் சிவந்தது?

கேள்வி: 2024 மே மாதம் லடாக்கின் ஹன்லேயில் இரவு வானம் சிவந்திருந்த படங்களைப் பார்த்தேன். துருவ ஒளி பச்சையாகத்தானே இருக்கும்? சூரியத் துகள்கள் துருவத்தில் மோதுவதால் வருவது என்று படித்தேனே, இமயமலைப் பக்கம் எப்படித் தெரிந்தது?
- வாசகி, சேலம்

பதில்: முதலில் நிறம். இரண்டுமே ஆக்ஸிஜன் அணுக்கள் தரும் ஒளிதான். 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பச்சை, 200-க்கு மேலே சிவப்பு. ஆற்றல் ஏறிய அணு சிவப்பு ஒளியை விட ஏறக்குறைய 2 நிமிடம் எடுத்துக்கொள்ளும். கீழே காற்று அடர்த்தி அதிகம். அதற்குள் வேறொரு மூலக்கூறு இடித்து அந்த ஆற்றலைப் பிடுங்கிவிடும். பச்சைக்கு 1 விநாடிகூட வேண்டாம். தெற்கே தள்ளி நின்று பார்த்தால் பச்சை தொடுவானுக்குக் கீழே மறைந்து, உயரத்திலுள்ள சிவப்பு மட்டும் எட்டும்.

அடுத்தது, 'துருவத்தில் மோதுகிறது' என்ற வரி. நான் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்தே எனக்கு இந்த வரி பிடிக்காது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், பெரும்பகுதி பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்தக் காற்று தன்னோடு சுமந்துவரும் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வடக்கு நோக்கியிருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலக்கோடுகளோடு அது இணைந்துகொள்ளும். ஆற்றல் பூமியின் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டிருக்கும் காந்தப்புலத்தில் சேரும். அங்கே கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது எலக்ட்ரான்கள் வேகம்பெற்று, துருவத்தைச் சுற்றிய வளையத்தில் வந்து இறங்கும். ஆக, துகள்கள் பின்பக்கமாகத்தான் வருகின்றன!

இப்படி எழும் காந்தப் புயல் பலமானால் அந்த வளையம் தெற்கே விரியும். அந்த மே மாதம் 13664 என்ற எண்ணுள்ள சூரியப்புள்ளிக் கூட்டம் அடுத்தடுத்துப் பலமுறை பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவை, வீசியது. தெற்கு நோக்கிய புலம் பல மணி நேரம் நீடித்தது. 2003-க்குப் பிறகு அவ்வளவு பெரிய காந்தப் புயல் அதுதான்.

சூரியனில் நடக்கும் வெடிப்பைப் பார்த்து, வரும் காந்தப்புலத்தின் திசையைச் சரியாகச் சொல்ல முடிவதில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் நம் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்களை அந்தப் பிளாஸ்மா கடக்கும்போதுதான் தெரியும். வேகம் விநாடிக்கு 800 கிலோமீட்டர் என்றால் மிஞ்சுவது அரைமணி நேரம். அதனால் நார்வேக்கோ ஐஸ்லாந்துக்கோ போகிறவர்கள் கைபேசிச் செயலியில் 'பி-இசட்' என்ற எண்ணைக் கவனியுங்கள்; அந்தப் புலம் தெற்கு நோக்கியிருந்தால் அது மைனஸில் காட்டும். அது மைனஸில் இறங்கி அப்படியே நின்றால், கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு உடனே வெளியே கிளம்பிவிடுங்கள்.