செவ்வாயில் தண்ணீர் (கடிதம்)

அன்புள்ள அண்ணன்,

செவ்வாயில் தண்ணீர் என்று அடிக்கடி செய்தி வருகிறது, அப்புறம் அது தண்ணீரே இல்லை என்கிறார்கள். இருக்கிறதா இல்லையா? கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள்?

வாசகர், வாலிநோக்கம்

அன்புள்ள தம்பி,

பாதிப் பதில் உங்கள் ஊர் உப்பளத்திலேயே கிடக்கிறது. கடல்தண்ணீரைப் பாத்தியில் விட்டுக் காயவைத்தால் எடுத்த எடுப்பில் உப்பு வந்துவிடாது, அதற்கு முன்னால் ஜிப்சம் என்கிற வெள்ளைக் கனிமம் படியும், இன்னும் சுண்டிய பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். அதனால் சொட்டுத் தண்ணீர் இல்லாத பாத்தியைப் பார்த்தும் அங்கே நின்றது எதுவரை சுண்டியது என்று சொல்லிவிடலாம்.

செவ்வாயிலும் இதே வேலைதான். அங்கே ஊர்ந்து ஆராய்ந்த ஆப்பர்ச்சூனிட்டி என்ற ரோவர் வண்டி 2011-இல் பாறை வெடிப்புக்குள் வெள்ளை நரம்பு போல ஓடிய ஒன்றைக் கண்டது, அநேகமாக ஜிப்சம். 2012-இல் கேல் என்ற பள்ளத்தில் இறங்கிய இன்னொரு ரோவர் கியூரியாசிட்டி, ஓடும் தண்ணீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களைப் படம் எடுத்தது, பிறகு சேறு காய்ந்து வெடித்த தடங்களையும், நம் கண்மாய் கோடையில் வெடித்துக் கிடக்குமே அதே மாதிரி. ஆக, 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தண்ணீர் இருந்தது. அதில் சந்தேகம் இல்லை.

இப்போதும் இருக்கிறது, பனிக்கட்டியாக. எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான்: 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் வடதுருவப் பக்கம் மண்ணைச் சுரண்டியபோது குழிக்குள் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. உப்பா, பனியா? நாலு நாள் கழித்துப் பார்த்தால் சில கட்டிகளைக் காணோம். உப்பு என்றால் அங்கேயே கிடந்திருக்கும், தம்பி! அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பனி உருகாமலே நேராக ஆவியாகிவிடும்.

தகராறு எல்லாம் இப்போது ஓடுகிறதா என்பதில்தான். சரிவுகளில் வெயில் காலத்தில் நீளும் கறுப்புக் கோடுகளை உப்புத்தண்ணீரின் வேலை என்று 2015-இல் சொன்னார்கள். 2017-இல் வேறு சிலர் சரிவை அளந்து பார்த்தார்கள். தண்ணீர் என்றால் சாய்வு குறைந்த இடத்திலும் இறங்கி ஓடியிருக்க வேண்டும், இந்தக் கோடுகளோ செங்குத்தான இடத்தோடு நின்றுவிடுகின்றன. தனுஷ்கோடி மணல்மேட்டில் ஏறிக் காலால் தள்ளிப் பாருங்கள், காய்ந்த மணல் அப்படித்தான் சரியும். முன்னால் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள், அளக்க அளக்கத்தான் தெரியும்.

2018-இல் தென்துருவப் பனிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அடியில் திரவத் தண்ணீர் என்று ராடாரை வைத்துச் சொன்னார்களே, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.