கேளுங்க, சொல்றேன்: சுதை வேலையும் ஜுமான்ஜியும்

லீவுக்கு வந்த பேரன் டிவில ஜுமான்ஜி படத்தையே திரும்பத் திரும்ப பாக்குறான். அது முதல்ல புத்தகமா வந்ததுன்னு மருமக சொல்றா, நெசமா? (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

நெசந்தான் ஆச்சி. 1981ல வந்த பிள்ளைங்க படப் புத்தகம், சினிமா 1995ல தான். எழுதுனது வரைஞ்சது ரெண்டும் ஒரே ஆள், கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க்னு அமெரிக்காக்காரர், படிச்சது என்னவோ சிற்பம். விளையாட்டுக்குள்ள வருஷக்கணக்கா மாட்டிக்கிட்ட ஆள் கதையெல்லாம் சினிமாக்காரங்க சேத்தது. புத்தகத்துல ஜூடி, பீட்டர்னு ரெண்டு பிள்ளைங்க, பெத்தவங்க வெளிய போன நேரத்துல ஒரு பலகை விளையாட்ட எடுத்து தாயக்கட்டை உருட்டுற மாதிரி உருட்டுறாங்க, அதுல வர்றதெல்லாம் வீட்டுக்குள்ள நெசமாவே நடக்குது, திரும்பிப் பாத்தா பியானோ மேல சிங்கம் படுத்துக்கிட்டு நாக்க நக்குது! கலரே கிடையாது, எல்லாம் கறுப்பு வெள்ளை. பேரனுக்கு அந்தப் புத்தகத்த வாங்கிக் குடுங்க. அவர் புத்தகம் ஒவ்வொண்ணுலயும் ஃப்ரிட்ஸ்னு ஒரு நாய் எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும், இதுல சக்கரம் வெச்ச பொம்மையா இருக்கும் (அடடா, சொல்லிட்டேனே). அவன் தேடிக்கிட்டு இருக்கட்டும், நீங்க வளவுல செத்த நேரம் கண்ணசரலாம்.

இருபது வருஷமா சுதை வேலை (சுண்ணாம்புச் சாந்துல பொம்மை பண்றது) பாக்குறேன், பழைய வீடுகள்ல உடைஞ்ச பொம்மைய சரி பண்றது தான் பொழப்பு. ராத்திரில மகளுக்கு கதை சொல்லிக்கிட்டே படம் போடுவேன், அத புத்தகமாக்க ஆசை. கரண்டி பிடிக்கிற கைக்கு பென்சில் எதுக்குன்னு மச்சான் கேலி பண்றார். இனிமே கைய மாத்த முடியுமா? (பேர் வேண்டாம்னுட்டார், கோட்டையூர்)

அண்ணே, மேல ஆச்சிக்கு சொன்னேன்ல, அதே ஆள எடுத்துக்கங்க. மிச்சிகன்ல சிற்பம் படிச்சு, ரோட் ஐலண்டுல மேல்படிப்பு முடிச்சு 1975ல கூட படிச்சவங்களோட ஸ்டுடியோ போட்டார், அதுல ஏதோ சிரமம்னு வீட்லயே உக்காந்து வரைய ஆரம்பிச்சிருக்கார். இது பிள்ளைங்க புத்தகத்துக்கு ஆகும்னு கண்டுபிடிச்சதே அவர் சம்சாரம் தான், பதிப்பகத்துக்கும் அவங்க மூலமா தான் போச்சு. மச்சானுக்கு இத படிச்சுக் காட்டுங்க. 1979ல முதல் புத்தகம், அப்ப வயசு 30. ஜுமான்ஜிக்கு 1982ல கால்டிகாட் மெடல் (அமெரிக்கால படப் புத்தகப் படங்களுக்குக் குடுக்குற பெரிய பரிசு), போலார் எக்ஸ்பிரஸ்னு அவரோட வேற புத்தகத்துக்கு 1986ல இன்னொண்ணு.

ஆனா அவர் கைய மாத்திட்டார்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஊர்ல வீட்டு முகப்புல கஜலட்சுமி சுதை இருக்கும்ல, உச்சி வெயில்ல மொகம் தட்டையா கெடக்கும், சாயங்காலம் வெயில் சாஞ்சதும் மூக்கோரம் நிழல் விழுந்து அம்மா நம்மளையே பாக்குற மாதிரி இருக்கும், அது தெரிஞ்சு தான நீங்க கண்ணு குழிய அவ்ளோ ஆழமா தோண்டுறீங்க? ஜுமான்ஜி படங்கள்லயும் அந்த வித்தை தான், கான்டேன்னு கரி மாதிரி ஒரு பென்சிலும் அதோட தூளும் வெச்சு வெளிச்சம் எங்க விழுது, நிழல் எங்க போகுதுன்னு போட்டிருக்கார், நாற்காலிய தொட்டா கைல தட்டும்போல இருக்கும். வெறும் கோடு போட்டு பழகுனவங்களுக்கு இது லேசுல வராது, உங்களுக்கு ஏற்கெனவே கைல இருக்கு.

கதைல வர்ற ஆள களிமண்ல ஒரு சாண் உயரத்துக்கு பண்ணி, ரூம இருட்டாக்கி, பக்கவாட்டுல டார்ச் அடிச்சு, அத பாத்து வரைங்க. எட்டு ஏ4 பேப்பர ஒண்ணா அடுக்கி நடுவுல மடிச்சு ஸ்டேபிள் பண்ணா 32 பக்கம், படப் புத்தகத்துக்கு வழக்கமான அளவு அது தான், ஏன்னா பெரிய தாள்ல அச்சடிச்சு மடிக்கிறப்ப 16, 32னு தான் கணக்கு வரும். மொதல்ல அந்த மடிச்ச புத்தகத்துல பென்சில்ல கிறுக்கி மகள்கிட்ட குடுங்க, அவ எந்த இடத்துல பக்கத்த வேகமா தள்ளுறாளோ அந்த இடம் இன்னும் சரியா வரலைன்னு வெச்சுக்கங்க. வேலைய மட்டும் விட்றாதீங்க, சுதைக்கு ஆள் கெடைக்காம எத்தன வீடு நிக்குது.

பிள்ளைங்களுக்கு எழுத அதுக்குன்னு தனியா படிச்சிருக்கணுமா? (ஒரு வாசகர், ராயவரம்)

ராயவரத்துல இருந்துக்கிட்டா இந்தக் கேள்வி! குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922ல உங்க ஊர்ல பொறந்தவர், பேங்க்ல வேலை பாத்துக்கிட்டே தான் அத்தன பாட்டும் எழுதுனார். உங்க தெருவுலயே யாராச்சும் பெரியவங்க மனப்பாடமா நாலு பாட்டு சொல்லுவாங்க, போய் கேட்டுப் பாருங்க.